தடியங்காய் குளித்த நாற்பத்தோரு நாள்

தச்சநல்லூர்,
25.10.1996

சௌபாக்கியவதி சுகிர்தாவுக்கு, அம்மா கோமு ஆசீர்வாதத்தோடு சொல்லச் சொல்ல அப்பா எழுதுவது. மாப்பிள்ளை பாலசுப்பிரமணியனுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று ஆரம்பித்தேன். உங்கள் அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறார். பெற்ற பிள்ளைக்குப் பொய் எழுதமாட்டாராம். சரி, அவர் இஷ்டப்படியே இருக்கட்டும். எல்லாரும் சௌக்கியம், என் கை மட்டும் இல்லை.

(அப்பா: கணுக்காலும் சேர்த்தி. எழுதுகிறவன் நான் என்பதால், அவள் விட்டதை இப்படி அடைப்புக்குறிக்குள் போடுவேன். கண்டுகொள்ளாதே.)

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மசக்கை குறைந்து சாப்பாடு இறங்குகிறது என்று எழுதியிருந்தாய். அன்றைக்கே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் விடலை போட்டாயிற்று. போட்டது அப்பாதான். நான் போட்டிருந்தால் தேங்காய் உடைந்திருக்காது, பிள்ளையாருக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

கடைசியில் ஒன்று எழுதியிருக்கிறாயே, அம்மாவுக்கு எதற்குச் சிரமம், பிரசவம் ஜபல்பூரிலேயே ஆகட்டும், அத்தை பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள் என்று. உன் மாமியார் நல்ல மனுஷி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அப்பா அந்த வரியை வாசித்தபோது பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பது ஊர் வழக்கம். அதற்காக நான் சொல்லவில்லை. என் அம்மா உன்னைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். மணையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, உன்னைக் கிடத்தி, வெந்நீர் ஊற்றி, மூக்கை இழுத்துவிட்டு நீவிவிடுவாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அது போல உன் பிள்ளையை நான் குளிப்பாட்ட வேண்டும். எனக்கு வேறு ஆசை ஒன்றும் கிடையாது. பட்டுப் புடவை கேட்டேனா, காசி யாத்திரை கேட்டேனா?

ஆறு வருஷமாக இந்த முடக்குவாதம் என் விரல்களைப் படுத்துவது நீ அறியாததா. நீ இங்கே இருந்தவரை குழாயைத் திறந்துவிட்டாய், தலை வாரிவிட்டாய். நீ கல்யாணமாகிப் போன பிறகு காலையில் கொண்டை போடுகிற வேலை அப்பாவிடம் வந்தது. அவர் போடுகிற கொண்டை ஒரு நாளும் நடுவில் நின்றதில்லை, இடது காதுப் பக்கமாகச் சாய்ந்துவிடும். மாரிக்கண்ணு பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன மதினி இன்னைக்கும் அண்ணாச்சி கைவரிசையா என்று கேட்காத நாள் இல்லை.

இப்போது ஒரு நல்ல சேதி. மதுரையிலிருந்து வியாழக்கிழமைதோறும் வருகிற மூட்டு டாக்டர் குமரகுருபரனிடம் ரீபா என்று புதிதாக ஒரு சிஸ்டர் சேர்ந்திருக்கிறாள். பாளையங்கோட்டைப் பெண், உன்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். டாக்டர் மாத்திரை எழுதி அனுப்பியதும் இவள் தன் மேஜைக்கு அழைத்து அரைமணி நேரம் பேசுகிறாள். எங்கே வலிக்கிறது என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். இவளோ, இந்தக் கையை வச்சு நீங்க என்ன செய்யணும்னு ஆசைப்படுதிய என்று கேட்டாள். ஆறு வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. எனக்கு வாய் அடைத்துவிட்டது.

(அப்பா: அடைத்தது அரை நிமிஷம். பிறகு அரைமணி நேரமும் இவள்தான் பேசினாள்.)

குளிப்பாட்டுகிற ஆசையைச் சொன்னேன். முடியும்னு நான் சொல்லமாட்டேன், முடியாதுன்னும் சொல்லமாட்டேன், சேர்ந்து பாப்போம் என்றாள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கச் சொல்லி, முதல் பக்கத்தில் என் ஆசையை எழுத வைத்தாள். காலையில் கை இறுக்கம் விட எவ்வளவு நேரம் ஆகிறது என்று தினமும் எழுத வேண்டுமாம். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். காலையில் எழுந்ததும் முதலில் எதைச் செய்ய முடியாமல் தவிக்கிறீர்கள் என்று கேட்டாள். கொண்டை போட என்றேன். அப்படியென்றால் உங்கள் கையால் கொண்டை போட முடிகிற நேரத்தை எழுதுங்கள் என்றாள். முதல் நாள் எழுதியது பத்தே கால்.

மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் போட்டால் ஆபத்து என்று மூன்று தடவை சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்ல வைத்தாள். எந்த நாள் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மறக்காத நாளாக இருக்கட்டும் என்றாள். வெள்ளி விரதம், செவ்வாய் ஆகாது என்று நான் இழுக்க, அப்பா, பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று முடித்துவிட்டார். புதன் என்றே ஆயிற்று.

ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. முடிவாக எதுவும் சொல்லிவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, கனமான வாளியைத் தூக்காதே.

உன் நலமே நினைக்கும்
அம்மா (எழுதியது தில்லைநாயகம்)


தச்சநல்லூர்,
20.11.1996

அன்பு மகள் சுகிர்தா தீர்க்காயுசாக இருக்க அம்மா ஆசீர்வாதம். இதுவும் அப்பா கையெழுத்துதான்.

இங்கே நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் படித்துறை முழுவதையும் மூடிக்கொண்டு போகிறது. வேடிக்கை பார்க்க ஊரே பாலத்தில் நிற்கிறது. நான் போகவில்லை. ஏன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

மருந்து பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு முந்தின வாரம் கொண்டை நேரம் எட்டு மணிக்கு வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சம்பந்தி வீட்டுக்குக் கடைப் பலகாரமா அனுப்புவது என்று ரோஷம் வந்து, ஒரே நாளில் தேன்குழல் பிழிந்து, முந்திரிக்கொத்து உருட்டி, அதிரசமும் சுட்டேன். உனக்கு வந்த பார்சல் அதுதான். தேன்குழல் நொறுங்காமல் வந்ததா? பிழிந்த நான்தான் நொறுங்கிப் போனேன். மறுநாள் அச்சைப் பிடித்த கை அப்படியே வீங்கிவிட்டது. தீபாவளி எண்ணெயை அப்பா தேய்த்துவிட்டார், சோற்றைப் பிசைந்தும் கொடுத்தார்.

(அப்பா: வேண்டாம் என்று நான் நாலு தடவை சொன்னேன். ஐந்தாவது தடவை சொல்லவிடாமல் வாயில் ஒரு முந்திரிக்கொத்தைத் திணித்துவிட்டாள். ருசியாகத்தான் இருந்தது.)

அதோடு விட்டேனா? ரீபா சிஸ்டர் என்ன நினைப்பாளோ என்று நோட்டில் ஏழரை, ஏழே முக்கால் என்று எழுதச் சொன்னேன். பெற்ற பிள்ளைக்குப் பொய் எழுதமாட்டேன் என்ற மகான் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார்.

(அப்பா: அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நீயாக இருந்தாலும் எழுதியிருப்பாய்.)

வியாழக்கிழமை சிஸ்டர் நோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து என் முதுகுப் பக்கம் நின்று, யம்மா, இது நீங்க போட்ட கொண்டை இல்லையே, சார் போட்டதுல்லா என்று கேட்டுவிட்டாள். இடது காதுப் பக்கம் சாய்ந்து காட்டிக் கொடுத்துவிட்டது பாழாய்ப்போன கொண்டை. அப்பா குனிந்து செருப்பில் எதையோ தேடினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

அவள் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. இது எனக்கு காட்டுற பரீட்சைப் பேப்பர் இல்லம்மா, உங்க உடம்பை நீங்க வாசிக்கிற நோட்டு என்றாள். உண்மை நேரத்தைப் பக்கத்திலேயே எழுத வைத்து, நீங்களே பாருங்க, என்ன தெரியுது என்று பேனாவைக் கையில் கொடுத்துவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் நோட்டைப் புரட்டினோம். உடம்பு மோசமான நாளுக்கெல்லாம் முந்தின நாள் என்ன என்று பார்த்தால், நான் ரொம்ப நன்றாக இருந்த நாள்! நன்றாக இருக்கிறது என்று நாலு நாள் வேலையை ஒரே நாளில் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன், பிறகு நாலு நாள் படுத்துக்கொள்கிறேன். ஆறு வருஷமும் இப்படியேதான் நடந்திருக்கிறது. இதைச் சொல்ல டாக்டர் வேண்டியதில்லை, என் நோட்டே சொல்கிறது.

இனி அரைமணி வேலை, கால்மணி உட்கார்ந்திருப்பது. பைய, பையச் செய்யுங்க, ஓடிப்போயிராது என்கிறாள். வெந்நீரில் கையை முக்கி விரலை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டக் கற்றுக் கொடுத்திருக்கிறாள். செம்பை விரலால் தூக்காமல் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்த வேண்டும். குழாய்த் திருகுக்கு அப்பா நீளமாக ஒரு கைப்பிடி வைத்துக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் சுகிர்தா, அச்சுப் பிழிந்ததற்கே இந்தப் பாடு என்றால், பச்சைப் பிள்ளையை எந்த நம்பிக்கையில் கையில் எடுப்பேன்? நீ எழுதியதுதான் சரி. ஜபல்பூரிலேயே ஆகட்டும். உடம்பு இருந்தால் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அத்தையிடமும் அப்படியே சொல்லிவிடு.

இப்படிக்கு
அம்மா

(அப்பா: சொன்னதை எழுதிவிட்டேன். ஆனால் நோட்டின் முதல் பக்கத்தைக் கிழிக்கட்டுமா என்று கேட்டதற்குப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆகையால் நீ அத்தையிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.)


தச்சநல்லூர்,
14.1.1997, பொங்கலன்று

என் கண்ணே சுகிர்தா,

கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை எழுதியது என்று நினைத்துவிடாதே. நான்தான். பேனாவில் சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டித் தடியாக்கிக்கொண்டேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதுவதில்லை என்று எனக்கு நானே சட்டம் போட்டிருக்கிறேன். அதனால் இந்தக் கடிதம் முடிய நாலு நாள் ஆகும். உன் அப்பா அடைப்புக்குறியோடு பக்கத்தில் இல்லாததே பெரிய நிம்மதி.

இன்றைக்குக் கொண்டை ஏழு மணிக்கு. நடுவில் நிற்கிறது. பொங்கல் பானையை மட்டும் மாரிக்கண்ணுவை இறக்கச் சொன்னேன். முன்பெல்லாம் பிறரைக் கேட்க நாக்கு கூசும். இப்போது கேட்டுவிடுகிறேன்.

15.1.1997

இன்று புதன், மாத்திரை போட்டாயிற்று. ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது. நீ இங்கே இருந்தால் அந்த டப்பாவைத் தொடவே கூடாதாம், பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாதாம். சிஸ்டர் சொன்னதும் அப்பா அதைப் பூட்டி வைக்க ஒரு தகரப்பெட்டி வாங்கி வந்துவிட்டார். நீ வருவதாகச் சொல்லவே இல்லை, அதற்குள் பெட்டி வந்தாயிற்று.

தடியங்காய்க் கதையை இப்போது சொல்கிறேன். மாப்பிள்ளைக்குப் புரியாவிட்டால் பூசணிக்காய் என்று சொல். டிசம்பர் மாதம் முதல் வியாழக்கிழமை சிஸ்டரிடம், என்னால் முடியுமா முடியாதா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். பிள்ளை மூணு கிலோ இருக்கும், அந்தக் கனத்தில் ஏதாவது வைத்துப் பழகிப் பாருங்கள் என்றாள். வீட்டுக்கு வந்து யோசித்தேன். அரிசிப் பையை நனைக்க முடியாது. உடன்குடிக் கருப்பட்டிச் சிப்பம் கரைந்து ஓடிவிடும். மாரிக்கண்ணு வீட்டுக் கூரையில் தடியங்காய் காய்த்துக் கிடந்தது. அப்பா கடைத் தராசில் வைத்து மூணு கிலோவுக்குச் சரியாக ஒன்றைக் கொண்டு வந்தார். பிள்ளை பிறக்குமுன் தொட்டில் வாங்கக் கூடாது என்பார்கள். தடியங்காய் வாங்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

16.1.1997

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ரீபா சிஸ்டர் நம் வீட்டுக்கே வந்தாள். வெள்ளைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளியலறைக்குள் நின்று, எங்கன சிரமமோ அதை நீங்களே சொல்லுங்க என்றாள். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது என்றேன். அப்போ தரை வேண்டாம் என்றாள். காலை நீட்டாமல் எப்படி என்று நானே யோசித்து, உட்கார ஒரு முக்காலி, கால் நீட்ட அதே உயரத்தில் ஒரு பலகை என்று சொன்னேன். தச்சுவேலை ஐயம்பெருமாள் அன்று சாயங்காலமே செய்து கொடுத்தான். எதற்கு என்று கேட்டான். தடியங்காயைக் குளிப்பாட்ட என்றேன். அப்பாவைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் சோப்புப் போட்டபோது வழுக்கிவிட்டது. காய் உருண்டு போய்க் கதவில் மோதி நின்றது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதுவே பிள்ளையாக இருந்திருந்தால்? முக்காலியில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். அப்பா காயை எடுத்துத் துண்டால் துடைத்துக்கொண்டே நின்றார்.

அதையும் மறைக்காமல் நோட்டில் எழுதினேன். சிஸ்டர் வாசித்துவிட்டு, ஏன் வழுக்கியது என்று மட்டும் கேட்டாள். யோசித்தேன். ஈரத்தில் என் விரல் பிடிக்காது, முழங்கைக்கு மேல் பலம் இருக்கிறது. அப்படியானால் பிடியை நம்பக் கூடாது. காலின் மேல் ஈரத் துண்டை விரித்து, அதன் மேல் காயைக் கிடத்தி, தலைப்பக்கத்தை முழங்கை மடிப்பில் தாங்கினேன். அதன் பிறகு ஒரு நாளும் வழுக்கவில்லை. சிஸ்டர், இதை நான் மத்த அம்மாமாருக்கும் சொல்லிக் கொடுக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டாள். போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரி பெஞ்சில் சுபைதா பேகம் என்று ஒரு அம்மாளுக்கு நானே செய்து காட்டினேன், பேரனைத் தூக்க முடியாமல் ஏங்கிப் போயிருந்தவள். எனக்கு இருந்த பெருமையைக் கேட்காதே.

17.1.1997

இன்று நாற்பத்தோராம் நாள். இன்னும் ஏழு நாளில் ஒரு மண்டலம். அப்பா வெந்நீர் விளாவி ஊற்றுகிறார், முழங்கையை விட்டுச் சூடு பார்க்கக் கற்றுக்கொண்டார். குளிப்பாட்டுகிற இடத்தில் ஆம்பிளைக்கு என்ன வேலை என்று மாரிக்கண்ணு கேட்டாள். தண்ணி ஊத்துத வேலைம்மா என்று பதில் சொல்லிவிட்டார். நேற்று நான் தலை துவட்டிக்கொண்டு வரும்போது பார்க்கிறேன், மனுஷன் தடியங்காயின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் எழுதும்போது சொல்ல முடியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ கல்யாணமாகிப் போனதிலிருந்து என் தலையை அவர் வாரும்போதெல்லாம், இந்த மனுஷனுக்குப் பாரமாகிவிட்டேனே என்று நெஞ்சு குமுறும். இப்போது என் கையாலேயே போட்டுக்கொள்கிறேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரிடம் சீப்பைக் கொடுத்துவிடுகிறேன். அன்றைக்குக் கொண்டை இடது பக்கம் சாய்ந்தே இருக்கட்டும். நோட்டில் அந்த நாளுக்கு நேரம் எழுதுவதில்லை. சிஸ்டரும் கேட்பதில்லை.

உன்னிடம் எதையும் மறைக்கப் போவதில்லை. நோய் போகவில்லை, போகாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மறுபடி வீங்கும். அந்த நாளில் பிள்ளையைத் தொடமாட்டேன், மாரிக்கண்ணு குளிப்பாட்டட்டும், நான் பாட்டுப் பாடுகிறேன். நல்ல நாளிலும் பிள்ளையைக் குப்புறத் திருப்ப என்னால் ஆகாது, அதற்கும் அவள் வந்து நிற்கிறேன் என்றிருக்கிறாள். கிடத்துவது, சோப்புப் போடுவது, நீவிவிடுவது, மூக்கை இழுத்துவிடுவது, இதெல்லாம் நான். எது முடியும், எது முடியாது என்று எனக்கு இன்று தெரிகிற அளவுக்கு என்றைக்கும் தெரிந்ததில்லை. அத்தைக்கும் இதை வாசித்துக் காட்டு. அவர்களும் ஒரு மாதம் வந்து நம்மோடு இருக்கட்டும், எனக்குப் பெரிய ஒத்தாசை. முடிவு உன்னுடையது. அம்மா அழுகிறாளே என்று மட்டும் வந்துவிடாதே, டாக்டரம்மாவிடம் ரயில் பயணம் செய்யலாமா என்று கேட்டுவிட்டு வா.

கை வலிக்க ஆரம்பிக்கிறது. நிறுத்த வேண்டும். ஒன்றே ஒன்று. நாற்பத்தோரு நாள் குளிப்பாட்டிவிட்டேன், சுகிர்தா. வெந்நீர் சுட்டது என்று அது ஒரு நாள் கத்தவில்லை. சோப்பு கண்ணில் பட்டது என்று காலை உதைக்கவில்லை. குளித்து முடித்துச் சாம்பிராணி காட்டினாலும் தூங்குவதில்லை. எனக்கு அலுத்துவிட்டது. முக்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். எனக்கு அழுகிற பிள்ளை வேண்டும்.

நெல்லையப்பரும் காந்திமதியம்மையும் உன்னைச் சுகமாக என் வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

தன் கையால் எழுதும்
உன் அம்மா
கோமு